வீடியோ கேம் ஆவணப்படம்: ஐந்து வழிகளில் உங்களுக்கு எது?

கேம் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கேமரா இருக்கிறது, எடிட்டிங் தெரியும், கேம் என்றால் உயிர். ஆனால் எங்கே தொடங்குவது? கேம் உருவாக்கும் ஒரு சின்னக் குழுவின் பின்னால் போவதா? போட்டியில் ஆடுகிறவரைப் பிடிப்பதா? பழைய கேம்களின் வரலாற்றைச் சொல்வதா? நிறுவனத்திடம் அனுமதி வாங்கி உள்ளே போவதா? இல்லை, கேமுக்குள்ளேயே கேமராவை வைத்துவிடுவதா?

இந்த ஐந்திலும் நல்ல படங்கள் வந்திருக்கின்றன. ஒருவருக்குக் கைகொடுத்த வழி இன்னொருவரின் இரண்டு வருடத்தை விழுங்கிவிடவும் செய்யும். அதனால் வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் எதை வைத்து எடைபோடுவது என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

## எடைபோட ஐந்து கேள்விகள்

ஆடாதவருக்கும் ஆட்டம் புரியுமா? என்னைப் பொறுத்தவரை மற்ற நான்கையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. கிரிக்கெட்டில் ஸ்டம்ப் பறந்தால் யாருக்கும் புரிந்துவிடும். கேமில் அந்த நொடி எவ்வளவு கஷ்டமானது என்று கன்ட்ரோலரைப் பிடித்தவருக்குத்தான் தெரியும். பார்க்கிறவருக்கு அது வெறும் வெளிச்சமும் சத்தமும்தான்.

1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரிகளைச் சுடச் சுட, மிச்சமிருப்பவை வேகம் கூடி இறங்கிக்கொண்டே வரும். அந்த வேகம் முதலில் திட்டமிட்டு வைத்ததல்ல. அத்தனை உருவங்களையும் திரையில் வரைய அன்றைய சில்லு திணறியது, எண்ணிக்கை குறையக் குறையச் சுமை இறங்கி ஓட்டம் பிடித்தது. உருவாக்கிய டோமோஹிரோ நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டார், ஆட்டத்தின் பதற்றமே அதில்தான் பிறந்தது. இருபது வினாடி காட்சியில் இதைக் காட்டிவிடலாம். அதைப் பார்த்த பிறகு, கேமைத் தொட்டே பார்க்காத பாட்டிகூட கடைசி எதிரி ஓடும்போது நிமிர்ந்து உட்கார்வார். இந்த இருபது வினாடியைச் செலவழிக்காத படங்கள் ரசிகர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு நின்றுவிடுகின்றன.

முடிவு தெரியாத ஒன்று இருக்கிறதா? படம் பிடிக்கும்போது அடுத்த மாதம் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியாமல் இருக்க வேண்டும். எல்லாம் நடந்து முடிந்த விஷயமென்றால், பேட்டி எடுத்து ஒட்டுவதைத் தவிர வேறு வழி குறைவு.

கதவு யார் கையில்? உள்ளே விடுகிறவர் கடைசி எடிட்டைப் பார்த்துவிட்டு ‘இதை எடுத்துவிடுங்கள்’ என்று சொல்ல முடியுமா, முடியாதா?

வெளியே தெரியாத செலவு என்ன? கேம் காட்சிக்கான உரிமை, கேமுக்குள் ஒலிக்கும் பாட்டின் உரிமை, ஹார்டு டிஸ்க், எல்லாவற்றுக்கும் மேல் எடிட்டிங்கில் போகும் மாதங்கள்.

படத்தில் வருகிறவருக்கு என்ன ஆகும்? இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. கேம் ரசிகர் கூட்டம் பெரியது, கோபம் வந்தால் அது ஒரு தனி மனிதர் மேல்தான் பாயும்.

## 1. உருவாக்குபவரின் பின்னால் போவது

இதற்கு எல்லோரும் சொல்லும் முன்னுதாரணம் 2012-இல் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்ட ‘இண்டி கேம்: தி மூவி’. கனடாவைச் சேர்ந்த லிசான் பாஜோவும் ஜேம்ஸ் ஸ்வர்ஸ்கியும் பொதுமக்களிடம் நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி எடுத்தது. சூப்பர் மீட் பாய் செய்த எட்மண்ட் மெக்மில்லனும் டாமி ரெஃபெனஸும், ஃபெஸ் செய்துகொண்டிருந்த ஃபில் ஃபிஷ், ஏற்கெனவே பிரெய்ட் செய்து முடித்திருந்த ஜோனதன் ப்ளோ என்று மூன்று தரப்பு.

மூன்றையும் ஒரே படத்துக்குள் அருகருகே பார்க்க முடிவதால், எது வேலை செய்கிறது என்பது பளிச்சென்று தெரிகிறது. சூப்பர் மீட் பாய் வெளியாகும் அன்று காலை, எக்ஸ்பாக்ஸ் கடையில் சொன்ன இடத்தில் கேமைக் காணோம். டாமி அந்தத் திரையையே வெறித்துக்கொண்டிருக்கிறார். அடுத்து என்ன ஆகுமென்று அவருக்கும் தெரியாது, கேமரா பிடிப்பவருக்கும் தெரியாது. பாஸ்டனில் நடந்த 2011 பேக்ஸ் ஈஸ்ட் கண்காட்சியில் ஃபிஷ் ஃபெஸை முதன்முறையாகப் பொதுமக்கள் கையில் கொடுக்கிறார். கேம் நின்று நின்று போகிறது, அவரே ஓடி ஓடி மறுபடி ஓடவிடுகிறார். பிரிந்துபோன முன்னாள் கூட்டாளி கையெழுத்துப் போட வேண்டிய பிரிவு ஒப்பந்தமோ இன்னும் வந்து சேரவில்லை. இந்த இரண்டு காட்சிகளுக்கும் கேம் அறிவே தேவையில்லை. ப்ளோவின் பகுதி அறிவுபூர்வமானது, எனக்குப் பிடித்ததும்கூட. ஆனால் அது முடிந்த கதை. பிரெய்ட் 2008-இலேயே வந்துவிட்டது. அதனால் அவர் பேசுகிறார், நாம் கேட்கிறோம், அவ்வளவுதான்.

இதே படம் ஓர் எச்சரிக்கையும் தருகிறது. ஃபிஷ்ஷின் முன்னாள் கூட்டாளி படத்தில் பங்கேற்க மறுத்துவிட்டார் என்ற பொருளில் படத்தின் கடைசியில் முதலில் ஒரு வரி வந்தது. தன்னிடம் யாரும் கேட்கவே இல்லை என்று அவர் சொன்ன பிறகு அந்த வரி திருத்தப்பட்டது. ஒருவரின் கோபத்தை மணிக்கணக்காகப் படம் பிடிக்கும்போது, எதிர்த் தரப்பிடம் ஒரு மின்னஞ்சலாவது போட்டுக் கேட்டிருக்க வேண்டும். ஃபிஷ்ஷையும் பெரும்பாலானோர் இந்தப் படத்தில் பார்த்த பதற்றமான மனிதராகவே நினைவில் வைத்துக்கொண்டார்கள். 2013 ஜூனில் ஃபெஸ் 2 அறிவித்தார், அடுத்த மாதமே இணையச் சண்டைகளுக்கு நடுவே அதைக் கைவிட்டுக் கேம் உலகத்தை விட்டே விலகினார். அதற்குப் படம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மனிதரின் மிக மோசமான வாரத்தைப் படமெடுக்கும்போது, அதை அவர் வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டியிருக்கும் என்ற நினைப்பு எடுப்பவருக்கு வேண்டும்.

இந்த வழியின் பெரிய செலவு காலம்தான். டபுள் ஃபைன் என்ற கேம் நிறுவனம் 2012 பிப்ரவரியில் கிக்ஸ்டார்ட்டரில் 4 லட்சம் டாலர் கேட்டது, 87,000-க்கும் மேற்பட்டவர்கள் 33 லட்சம் டாலருக்கு மேல் கொட்டினார்கள். அதில் ஆவணப்படத்துக்கென்று ஒரு பங்கு தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட்டிருந்தது, டூ பிளேயர் புரொடக்‌ஷன்ஸ் குழு அலுவலகத்துக்குள்ளேயே கேமராவுடன் உட்கார்ந்தது. அவ்வளவு பணம் வந்தும் போதாமல் புரோக்கன் ஏஜ் கேமை இரண்டாகப் பிரித்து வெளியிட வேண்டிவந்தது. முதல் பாதி 2014 ஜனவரியில், இரண்டாம் பாதி 2015 ஏப்ரலில். படமும் 20 பகுதிகளாக நீண்டது. அதே குழு சைக்கோனாட்ஸ் 2 உருவான வருடங்களைப் பின்தொடர்ந்து எடுத்த ‘சைக்கோடிஸி’ 2023-இல் 32 பகுதிகளாக வந்தது. வேலையிடத்தில் நல்ல மனிதர்களுக்கு நடுவேயும் எப்படி விரிசல் விழுகிறது என்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய வேறொரு கேம் படத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் அத்தனை வருடம் சம்பளம் கொடுக்க ஒருவர் இருந்தால்தான் அது நடக்கும்.

எப்போது இது சரி: குழு சின்னது, ரிலீஸ் தேதி ஒரு வருடத்துக்குள், உங்கள் வீட்டிலிருந்து அடிக்கடி போய்வரும் தூரம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் யோசியுங்கள்.

## 2. போட்டியாளரைப் பிடிப்பது

2007-இல் சேத் கார்டன் இயக்கிய ‘தி கிங் ஆஃப் காங்’ இன்றைக்கும் இந்த வகையின் உச்சம். வேலையிழந்து பிறகு ஆசிரியரான ஸ்டீவ் வீபி, தன் கராஜில் இருக்கும் டாங்கி காங் எந்திரத்தில் சாதனை படைக்கப் பார்க்கிறார். சாதனை பில்லி மிட்செல் பெயரில் இருக்கிறது. வீபி சாதனையைத் தொடும் நேரத்தில் அவருடைய சின்ன மகன், கழிப்பறையிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டு அலறுகிறான். அப்பா ஆட்டத்தை விட்டு எழுந்தால் எல்லாம் போச்சு. பதிவு நாடாவில் அந்தச் சத்தம் அப்படியே இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் ஆடுகிறவர், குடும்பம், வெறி எல்லாமே வந்துவிடுகின்றன.

ஆட்டத்தைப் புரியவைப்பதிலும் இந்தப் படம் ஒரு பாடம். டாங்கி காங்கில் 22-ஆம் கட்டத்துக்கு மேல் யாராலும் போக முடியாது. அந்தக் கட்டத்துக்கான நேரத்தைக் கணக்கிடும்போது எண் 260 ஆகிறது, எந்திரம் அதை வைக்கும் ஒரு பைட் நினைவிடத்தில் 255 வரைதான் அடங்கும். எண் வழிந்து 4 ஆகிவிடுகிறது, சில வினாடிகளில் நேரம் தீர்ந்து மரியோ தானாக விழுந்து சாகிறான். படம் இந்தக் கணக்கையெல்லாம் சொல்லவில்லை. இதற்கு மேல் வழியில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறது. அப்புறம் நியூ ஹாம்ப்ஷயரின் ஃபன்ஸ்பாட் ஆர்கேடில் (காசு போட்டு ஆடும் கேம் கூடம்) வீபி ஆடும்போது, அந்தக் கடைசித் திரை வரப்போகிறது என்று ஒருவர் ஆள் ஆளாகப் போய்ச் சொல்லிக் கூட்டம் சேர்க்கிறார். அந்தக் கூட்டத்தில் நாமும் போய் நின்றுவிடுகிறோம்.

மறைந்திருக்கும் செலவு: உண்மை. நல்லவன் கெட்டவன் என்று பிரித்தால் படம் விறுவிறுவென்று ஓடும், அதற்காக நிகழ்வுகளை வசதிக்கேற்ப அடுக்கும் ஆசை வரும். இந்தப் படம் அப்படிச் செய்தது என்ற விமர்சனம் உண்டு. பிற்பாடு கதையும் நின்றுவிடவில்லை. 2018-இல் கேம் சாதனைகளைப் பதிவு செய்யும் ட்வின் கேலக்ஸீஸ் அமைப்பு மிட்செலின் மதிப்பெண்களை நீக்கியது, கின்னஸும் நீக்கியது. 2020-இல் கின்னஸ் திரும்பச் சேர்த்தது. உயிரோடு இருக்கும் மனிதர்களைப் பற்றிய தீர்ப்பைப் படத்தில் எழுதிவிட்டால், அதன் பிறகு வரும் ஒவ்வொரு திருப்பமும் உங்கள் படத்தை மறுபடி கூண்டில் ஏற்றும்.

டோட்டா 2 கேமை உருவாக்கிய வால்வ் நிறுவனமே எடுத்த ‘ஃப்ரீ டு ப்ளே’ (2014) வேறு மாதிரி. 2011-இல் கொலோனில் நடந்த டோட்டா 2 போட்டியில் முதல் பரிசு 10 லட்சம் டாலர். மூன்று வீரர்கள், அவர்களின் வீடுகள், படிப்பு, இழப்பு என்று மனிதர்களை நன்றாகப் பிடித்திருக்கிறார்கள். ஆட்டம் தொடங்கியதும்தான் பிரச்சினை. எந்த நொடியில் ஏன் ஆட்டம் திரும்பியது என்பது டோட்டா ஆடாதவருக்குக் கடைசிவரை மங்கலாகவே இருக்கிறது. பத்துப் பேர் ஒரே திரையில் மோதும் கேமை எடுப்பவர்கள் முதல் கேள்வியை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும்.

எப்போது இது சரி: போட்டி தேதி முடிவாகிவிட்டது, ஆடுகிறவரின் வீட்டுக்குள்ளும் உங்களை விடுகிறார்கள், ஆட்ட விதியை இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடிகிறது. குறைந்த காலத்தில் முடிக்கக்கூடிய வழியும் இதுதான்.

## 3. வரலாறு சொல்வது

புதியவர்கள் அதிகம் தேர்ந்தெடுப்பது இது, அதிகம் சறுக்குவதும் இதில்தான். யாரையும் காத்திருந்து படம்பிடிக்க வேண்டாம், பேட்டியும் பழைய காட்சியும் போதும் என்று தோன்றும். 2014-இல் வந்த ‘வீடியோ கேம்ஸ்: தி மூவி’ அந்த நம்பிக்கையில் எடுத்த படம். கிக்ஸ்டார்ட்டர் பணம், பின்னணிக்கு ஷான் ஆஸ்டின் குரல், திரை முழுக்கப் பிரபலங்கள். ஆனால் காலவரிசை முன்னும் பின்னும் தாவுகிறது. எல்லோரும் கேம் எவ்வளவு மகத்தானது என்றே சொல்கிறார்கள், யாருக்கும் எதிலும் சிக்கல் இல்லை. முடிந்ததும் நினைவில் நிற்கும் முகம் ஒன்றுகூட இல்லை. கேமை நேசிக்கிறவர்கள் எடுக்கும் படத்துக்கு இந்தப் பாராட்டு மழைதான் மிகப் பெரிய ஆபத்து என்று நினைக்கிறேன். எனக்கும் கேம் மேல் அந்தப் பாசம் உண்டு, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நெட்ஃபிளிக்ஸில் 2020-இல் வந்த ‘ஹை ஸ்கோர்’ அதே வரலாற்றை ஆறு பகுதிகளில் சொல்கிறது. வித்தியாசம் எங்கே என்றால், புத்தகங்களில் ஓரமாக இருந்தவர்களை நடுவில் உட்காரவைக்கிறது. 1976-இல் கேட்ரிட்ஜ் (கேம் பதிந்த சிறு பெட்டி) மாற்றி ஆடும் ஃபேர்சைல்டு சேனல் எஃப் எந்திரத்துக்குப் பின்னால் இருந்த கறுப்பினப் பொறியாளர் ஜெர்ரி லாசனைப் பற்றி அவருடைய பிள்ளைகள் பேசுகிறார்கள். தான் செய்த கேபிளேட் கேமின் பிரதியைத் தொலைத்துவிட்டவர் அதைத் தேடிய கதை வருகிறது. ஒரு தொலைந்த டிஸ்க்குக்காக ஒருவர் தவிப்பது, நூறு கேம்களின் பெயரை அடுக்குவதை விட வரலாற்றை நன்றாகச் சொல்லிவிடுகிறது.

இன்னொரு தந்திரமும் உண்டு: பழைய கதைக்குள் இன்றைக்கு நடக்கும் ஒரு தேடலை வைப்பது. சாக் பென் இயக்கிய ‘அடாரி: கேம் ஓவர்’ (2014) செய்தது அதைத்தான். அடாரி நிறுவனத்துக்காக ஈ.டி. கேமை ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா 1982-இல் ஐந்தே வாரத்தில் செய்ய வேண்டிவந்தது. விற்காத கேட்ரிட்ஜ்களை நியூ மெக்ஸிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைத்தார்கள் என்று முப்பது வருடமாகப் பேச்சு. 2014 ஏப்ரல் 26-இல், புழுதிக் காற்றுக்கு நடுவே, தோண்டினார்கள். சுமார் 1,300 கேட்ரிட்ஜ்கள் வெளியே வந்தன, அதில் ஈ.டி. மட்டுமின்றி வேறு பல கேம்களும் இருந்தன. ஆனால் அன்று கேமரா பிடித்த உண்மையான பொருள் வார்ஷாவின் முகம். உலகின் மிக மோசமான கேமைச் செய்தவர் என்ற பட்டத்தைச் சுமந்தவர், தன் பழைய வேலையைப் பார்க்க அத்தனை பேர் கூடி நிற்பதைப் பார்த்துக் கண் கலங்குகிறார்.

மறைந்திருக்கும் செலவு: பழைய விளம்பரம், டிவி காட்சி, பாட்டு எல்லாவற்றுக்கும் உரிமையாளர் உண்டு. பாதிப் பட்ஜெட் அதில் போனாலும் ஆச்சரியமில்லை. தோண்டுவதற்குச் சுற்றுச்சூழல் துறை அனுமதி மாதிரி எதிர்பாராத காகித வேலைகளும் சேரும்.

எப்போது இது சரி: வேறு யாரிடமும் இல்லாத பொருள் அல்லது சாட்சி உங்களிடம் இருக்கிறது. வயதான ஓர் உருவாக்குநர், ஒரு பெட்டி நிறைய நாடாக்கள், மூடிப்போன ஒரு ஆர்கேடின் கணக்குப் புத்தகம். அது இல்லையென்றால் வேண்டாம்.

## 4. நிறுவனத்தின் வாசல் வழியாக

நோகிளிப் என்ற பெயரில் டேனி ஓ’டையர் 2016-இல் தொடங்கிய கேம் ஆவணப்பட முயற்சி இதற்கு நல்ல மாதிரி. விளம்பரம் இல்லாமல் ரசிகர்களின் மாதச் சந்தாவில் ஓடுகிறது. காசு ரசிகர்களுடையது, கதவு மட்டும் நிறுவனத்தினுடையது. இந்தப் பிரிவினையே ஓரளவு சுதந்திரம் தருகிறது.

இந்த வழியில் கவனிக்க வேண்டிய ஒரு நடைமுறை உண்மை: ஜெயித்த பிறகுதான் நிறுவனங்கள் தோல்வியைப் பற்றிப் பேசும். ஃபைனல் ஃபேன்டஸி 14 பற்றி நோகிளிப் மூன்று பகுதிகள் எடுத்தது 2017-இல். 2010-இல் படுதோல்வியடைந்த கேமை அழித்து 2013-இல் புதிதாக எழுப்பியிருந்தார்கள், அதனால் மனம்விட்டுப் பேச முடிந்தது. வால்வும் ஹாஃப்-லைஃப் 2 வெளியாகி 20 வருடம் கழித்து, 2024-இல் வெளியான படத்தில்தான், தங்கள் கேம்களை வெளியிட்ட விவெண்டி நிறுவனத்துடன் நடந்த வழக்கில் தாங்கள் எவ்வளவு நெருக்கடிக்குப் போனோம் என்று விரிவாகச் சொன்னது. கொரிய மொழி தெரிந்த ஒரு பயிற்சி மாணவர் ஆவணக் குவியலில் கண்டெடுத்த மின்னஞ்சல் வழக்கையே திருப்பியதாம். அருமையான காட்சி, ஆனால் இருபது வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது சிக்கலில் இருக்கும் நிறுவனம் உங்களை உள்ளே விடாது. விட்டாலும், பணிநீக்கம், ராப்பகலான ஓவர்டைம் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல மக்கள் தொடர்பு அலுவலர் ஒருவர் பக்கத்தில் நிற்பார். கேம் எப்படிச் செய்யப்படுகிறது என்ற தொழில்நுட்பக் கதைக்கு இந்த வழி போதும். தொழிலாளர் கதைக்குப் போதாது.

## 5. கேமுக்குள்ளேயே

கடந்த சில வருடங்களில் மிக அழகான படங்கள் இங்கிருந்துதான் வந்தன. நார்வேயின் மாட்ஸ் ஸ்டீன் தசைச் சிதைவு நோயால் 2014-இல் 25 வயதில் இறந்தார். மகனுக்கு நண்பர்களே இல்லை என்று பெற்றோர் நினைத்திருந்தார்கள். இறந்த செய்தியை அவருடைய வலைப்பதிவில் போட்டதும் பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய கேமில் இபெலின் என்ற பெயரில் அவர் ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்திருந்தார். பெஞ்சமின் ரே இயக்கிய படம் (2024) அந்த வாழ்க்கையை அனிமேஷனில் திரும்பக் கட்டியது. அடிப்படை, கேமில் பதிவாகியிருந்த சுமார் 42,000 பக்க உரையாடல்கள். முதல் கேள்விக்கு இதைவிடச் சிறந்த பதிலை நான் பார்த்ததில்லை: கேம் ஆடாத பெற்றோரே படத்தின் பார்வையாளர்கள், அவர்களோடு சேர்ந்து நாமும் உள்ளே போகிறோம்.

‘கிராண்ட் தெஃப்ட் ஹாம்லெட்’ (2024) இன்னும் எளிமையானது. ஊரடங்கில் வேலையில்லாத இரண்டு பிரிட்டிஷ் நடிகர்கள் ஜிடிஏ ஆன்லைன் (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ கேமின் இணைய வடிவம்) என்ற கேமுக்குள் ஷேக்ஸ்பியர் நாடகம் போடப் பார்க்கிறார்கள். முழுப் படமும் கேமுக்குள் எடுத்தது. நடிகர் தேர்வு நடக்கும்போது யாரோ வந்து சுட்டுவிட்டுப் போகிறார்கள், போலீஸ் துரத்துகிறது. முடிவு யாருக்கும் தெரியாது.

கேமராச் செலவு இல்லை என்பதால் இது மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். உரையாடல் பதிவு இல்லாமல் இபெலின் படம் இல்லை, பதிவு இருந்தும் அதைக் காட்சியாக்க அனிமேஷன் கலைஞர்கள் வேண்டியிருந்தது. கேமின் உரிமையாளர் அனுமதி தனி. குரல் அரட்டையில் வரும் ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்க வேண்டும், அதில் பாதிப் பேர் பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | ஆடாதவருக்குப் புரிவது | முடிவு தெரியாத தன்மை | கதவு யார் கையில் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| உருவாக்குபவர் | எளிது | அதிகம் | தனிநபர் | வருடங்கள், அவர் மனநலம் |
| போட்டியாளர் | விதி எளிதென்றால் எளிது | மிக அதிகம் | வீரர், அமைப்பாளர் | நேர்மை குலையும் ஆசை |
| வரலாறு | கடினம் | தேடல் இருந்தால் மட்டும் | உரிமையாளர்கள் | பழைய காட்சி, பாட்டு உரிமை |
| நிறுவனம் | நடுத்தரம் | குறைவு | நிறுவனம் | சொல்லாமல் விட்டவை |
| கேமுக்குள் | நல்ல வழிகாட்டி இருந்தால் எளிது | அதிகம் | உரிமையாளர், ஆடுவோர் | சம்மதம், அனிமேஷன் |

இதில் சேராத ஒரு வழியும் உண்டு. டிஜிட்டல் எக்லிப்ஸ் 2023-இல் கொடுத்த ‘தி மேக்கிங் ஆஃப் கராட்டேகா’ ஓர் ஆவணப்படம், அதே நேரம் ஒரு கேம். ஜோர்டன் மெக்னர் கல்லூரி நாட்களில் எழுதிய கடிதங்களைப் படித்துவிட்டு, அவர் பாதியில் விட்ட கேமை நாமே ஆடிப் பார்க்கலாம். புரோகிராமர் ஒருவர் கூட இருந்தால் யோசிக்கலாம்.

## அப்படியென்றால் எது?

தனி ஆள், கையில் ஒரு கேமரா, ஆறு மாதம் என்றால் போட்டியாளர் வழி. உள்ளூர்ப் போட்டி, ஒரே வீரர், ஒரே கேம் போதும். அவர் தோற்றாலும் படம் நிற்குமா என்று முதல் நாளே கேட்டுப் பாருங்கள். நிற்காதென்றால் ஆளை மாற்றுங்கள்.

நண்பர்கள் யாராவது கேம் செய்துகொண்டிருந்தால் முதல் வழி, ஆனால் எதைக் காட்டக் கூடாது என்பதை முன்பே எழுத்தில் பேசிவிடுங்கள். கூட்டாளிகள் பிரிந்தால் இரு தரப்பையும் கேட்பேன் என்று அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

வரலாறுதான் எடுப்பேன் என்பவர்கள், பேட்டிக்கு லைட் வாடகைக்கு எடுக்கும் முன் அந்தப் பழைய உருவாக்குநரின் வீட்டுப் பரண் வரை போய்வாருங்கள். ஃப்ளாப்பி டிஸ்க்கும் நாடாவும் வருடத்துக்கு வருடம் படிக்க முடியாமல் போய்க்கொண்டிருக்கின்றன. படம் எடுக்கிறீர்களோ இல்லையோ, அவர் சம்மதித்தால் முதலில் அவற்றைப் பிரதி எடுத்து, ஒன்றை அவரிடமே கொடுங்கள்.